சுரைக்காய்க்கு வைத்த பொட்டு

கடலுக்கடியில் ஆள் துணையில்லாமல் நீந்திப் போய், எண்ணெய் எடுக்கும் மேடைகளின் இரும்புக் கால்களைச் சுற்றி வந்து படம் பிடிக்கும் யந்திரம் ஒன்றை எண்பதுகளின் நடுவில் நாங்கள் செய்தோம். அதை முதன்முதலில் இறக்கியது கடலில் அல்ல. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு வேர்க்கடலைக் கொல்லைக் கிணற்றில். இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். துறைமுகத்துத் தண்ணீர் ஒரே சேறு. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த தொட்டி இடுப்பளவு ஆழம். அசையாத, தெளிந்த, ஆழமான தண்ணீர் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துக் கிணறுகளை விட்டால் வேறு எங்கே போவது?

நான் பொறியாளன் இல்லை. ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். திருத்தணியில் ரயிலேறி, மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன். யந்திரத்தை யோசித்து வரைந்தவர் அங்கிருந்த பேராசிரியர். அலுமினியத் தகட்டை வளைத்து, தண்ணீர் புகாமல் ரப்பர் வளையம் போட்டு, போல்ட் முடுக்கி அதற்கு உடம்பு செய்து கொடுத்தவன் நான். கழுத்து சிறுத்து வயிறு பருத்திருந்ததால் அதைச் சுரைக்காய் என்றே கூப்பிட்டோம். காகிதத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு, ஒரே மூச்சில் சொல்ல முடியாது. முகப்பில் கேமராவுக்காக ஒரு கண்ணாடி வட்டம். அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு ரப்பர் வட்டம். அந்தக் கறுப்பு வட்டம்தான் அதன் வாயும் காதும். நமக்குக் கேட்காத ஒரு சத்தத்தை அது போடும். அந்தச் சத்தம் எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு, தூணா சுவரா, எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துத் திரும்பிக்கொள்ளும். மேலேயிருந்து கயிறோ கம்பியோ கிடையாது. தண்ணீரில் விட்டால் விட்டதுதான்.

அந்த யந்திரத்தின்மேல் எனக்கு இருந்த வெறிக்குக் காரணம் என் அக்காவின் புருஷன். எங்கள் வீடுகளில் அக்கா புருஷனைப் பாவா என்போம். கல்யாணமான புதிதில் பாவாவுக்குக் கிணறுகள்தான் பிழைப்பு. மோட்டாரின் உறிஞ்சுகுழாய்க்கு அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். அதில் குப்பை அடைத்துக்கொண்டால் மோட்டார் வெறுமனே சுற்றும், தண்ணீர் வராது. பாவா மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிப் போய் அதைச் சரி செய்துவிட்டு வருவார். சுற்றுப்பட்டில் எந்தக் கொல்லையில் மோட்டார் தகராறு செய்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். அந்த மூச்சைப் பார்த்து யாரோ அவரைப் பம்பாய்க்கு அழைத்துப் போனார்கள். முகமூடியும் காற்று உருளையும் மாட்டி இறங்கக் கற்றுக்கொடுத்து, மேற்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு அனுப்பினார்கள். கடலே இல்லாத ஊர்க்காரர் கடலுக்கடியில் வேலை பார்த்தார். மேடையின் கால்களில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இரும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஒரு கருவியை வைத்து அளந்து வரவேண்டும். ஆறு வாரம் கடல், மூன்று வாரம் வீடு. பம்பாய் ரயிலில் வந்து அரக்கோணத்தில் இறங்கும்போது அவர் நடையே வேறாக இருக்கும்.

அவருக்கு இடது காது போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அக்கா. கனகம்மாசத்திரம் நிறுத்தத்தில் இருவரும் ரோட்டைக் கடக்கிறார்கள். இடது பக்கமிருந்து திருப்பதி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. அவர் பாட்டுக்கு நடக்கிறார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்ததில் முதுகுப்பக்கம் கிழிந்தேவிட்டது. மறுநாளே அவரை அரக்கோணத்தில் ஒரு காது டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். இனிமேல் ஆழத்தில் இறங்கினால் வலது காதும் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவா வெளியே வந்து, "டாக்டருங்க அப்டித்தான் சொல்லுவாங்க" என்றார். கம்பெனிப் பரிசோதனையில் எப்படியோ சமாளித்து வந்திருக்கிறார். அதை எங்களிடம் ஒரு சாமர்த்தியமாகவே சொன்னார்.

அக்கா என்னிடம் வந்தாள். "உன் மெஷினு அவுரு வேலைய செய்யும்னு சொல்லிகினு இருக்கியே, அத்த இங்க கொண்டாந்து அவுரு கண்ணுல காட்டு. வாயால சொன்னா அவுரு கேக்கற ஆளு இல்ல."

"ஆங், காட்டறேன்க்கா. ஒருவாட்டி பாத்துட்டாருன்னா அவரே உட்டுடுவாரு" என்றேன். எனக்கு வாய் நீளம். ஆசைப்பட்டதையெல்லாம் நடக்கப்போவது போலவே பேசிவிடுவேன்.

பேராசிரியர் அப்போது நல்ல தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார். பாவாவுக்கு அண்ணன் முறையுள்ள ஒருவரின் கிணறு இருக்கிறது என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். பாவா கடலுக்குத் திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது. மேடையின் காலுக்குப் பதிலாக, ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் பீப்பாய்கள் நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக வெல்டு வைத்து, உள்ளே கல்லை நிரப்பி, கிணற்றின் குறுக்கே போட்ட பனைமரத்திலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். சுரைக்காய் அந்தப் பீப்பாய்த் தூணைச் சுற்றிப் படம் பிடித்துவிட்டுப் பன்னிரண்டாவது நிமிஷம் மேலே வரவேண்டும். பாவா எல்லாவற்றுக்கும் கூடமாட ஒத்தாசை செய்தார். ஆனால் பேச்சு குறைந்திருந்தது.

"எவ்ளோ நேரம் உள்ள இருக்கும்?" என்று கேட்டார்.

"பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்கும் பாவா."

"மேல வந்தா காது வலிக்காது, மூக்குல ரத்தம் வராது."

"வராது."

"சம்பளமும் கேக்காது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அறிவு கெட்டவன்.

யந்திரத்தை இறக்கும் நாள் காலை அக்கா திருத்தணி மலைக் கோயிலுக்குப் போய்விட்டு நேரே கிணற்றடிக்கு வந்தாள். தட்டில் தேங்காய், கற்பூரம், சந்தனம், நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம். எங்கள் ஊரில் புது சைக்கிளோ புது மோட்டாரோ பொட்டு வைக்காமல் வேலையைத் தொடங்காது. தாலுகா ஆபீஸ் டைப் மெஷினுக்கே நெற்றியில் சந்தனம் இருக்கும். முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கப்போகும் யந்திரத்தை மொட்டை முகத்தோடு விட எனக்கு மனசு வரவில்லை. பேராசிரியரும் மறுப்புச் சொல்லவில்லை. தேங்காயை அவரே உடைத்தார். "கண்ணாடி மேல மட்டும் வெச்சுடாதீங்க, படம் விழாது" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய்விட்டார்.

கண்ணாடியை விட்டால் முகத்தில் மிச்சமிருந்த இடம் அந்தக் கறுப்பு வட்டம்தான். அங்கே மூன்று விரலால் சந்தனத்தைப் பூசி, நடுவில் குங்குமத்தைத் தடிமனாக அப்பினேன். அது காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதே நமக்குக் கேட்கிறது, ஒரு பொட்டு என்ன செய்துவிடப் போகிறது என்பது என் ஞானம். எண்ணெய்க் குங்குமம் தண்ணீரை அண்டவிடாது. அதற்கடியில் சிக்கிக்கொள்ளும் காற்று, சத்தத்தை வெளியேயும் விடாது, உள்ளேயும் விடாது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று நான் பின்னால் தள்ளி நின்று அழகு பார்த்தேன். பாவாவும் முன்னால் வந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகப் படி இறங்கி அதைத் தண்ணீரில் விட்டோம்.

பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. பேராசிரியர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாவா கீழ்ப்படியில் குப்புறப் படுத்து, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். "மேக்கு மூலையில பாறைக்கு அடியில மாட்டிகினு இருக்குது" என்றார். கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு பாறை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சுவர் இருப்பதே தெரியாமல் யந்திரம் நேரே போய் அதற்கு அடியில் நுழைந்துவிட்டது. நேரம் முடிந்தால் எடைக்கல்லைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே மிதந்து மேலே வரும்படி செய்திருந்தோம். அதுவே வினையாகப் போயிற்று. மேலே வரத் துடிக்கத் துடிக்க, பாறையின் அடிவயிற்றில் இன்னும் இறுகிக்கொண்டது.

குடம் விழுந்தால் துழாவி எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கொல்லைக்காரர் கொண்டுவந்தார். கொக்கி பட்டால் கண்ணாடி உடைந்துவிடும் என்று பேராசிரியர் தடுத்துவிட்டார். இருப்பது அந்த ஒரே யந்திரம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவா சட்டையைக் கழற்றினார்.

"பாஞ்சு இருபது அடிதான். ரெண்டு நிமிஷ வேல" என்றார்.

அக்கா கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள். அவரைத் தாண்டிப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள்.

"எறங்குங்க. உங்க பின்னாலயே நானும் எறங்கறேன்."

"பைத்தியமா உனக்கு? உனக்கு நீஞ்சத் தெரியாது."

"அதான் சொல்றேன்."

அவள் குரல் ஏறவே இல்லை. அவள் சொன்னால் செய்வாள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பாவா சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் இருந்தது ஒரே வழி. கிணற்றை இறைப்பது. மோட்டாரைப் போட்டோம். போன வாரந்தான் தண்ணீர் கட்டினேன், இன்னும் விட்டால் வேர்க்கடலை அழுகிவிடும் என்று கொல்லைக்காரர் முனகினார். வாய்க்காலைத் திருப்பிவிட்டோம், பக்கத்துக் கொல்லைக்காரருக்கு அன்று யோகம். மதியம் கரண்ட் போனதும் ஓர் ஆயில் இன்ஜினை வண்டியில் ஏற்றி வந்து மாட்டினோம். தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கியது. அக்காவும் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாவா தண்ணீரில் கால் வைத்துவிடக் கூடாது என்று எப்போதும் அவருக்கும் தண்ணீருக்கும் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு கொடுத்தேன், வேண்டாம் என்றாள்.

வெயில் சாயும்போது பாறை வெளியே தெரிந்தது. அதன் அடியில் சுரைக்காயின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் முங்க வேண்டியதில்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று காட்டிய பிறகே அக்கா எழுந்து வழிவிட்டாள். பாவா போய் அதைப் பக்குவமாக உருவி எடுத்து, பாறைமேல் வைத்து, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். போனேன். கறுப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் ஓர் இழுப்பு இழுத்து விரலைக் காட்டினார். அவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தும் குங்குமம் போகவில்லை.

"இதான் மச்சான் காரணம். இரும்பு அளக்கற கருவி ஒண்ணு எங்ககிட்டயும் இருக்குது. அதும் இப்டித்தான், சத்தம் போட்டுத்தான் அளக்கும். அது மூஞ்சில துளி கிரீஸ் இருந்தாகூட ஒண்ணும் காட்டாது."

"அப்ப காலைலயே…"

"பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

"ஆங்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். இரண்டு வருஷ உழைப்பு. பேராசிரியர் மேலே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். என் வேலையே போயிருக்கும். வாய்க்கு வந்ததைச் சொல்லப் போனேன். அதற்குள் அவர் பேசினார்.

"அது சரியா சுத்தி வந்துடிச்சின்னா நான் யாரு மச்சான்? முங்கத் தெரிஞ்சவன். வேற இன்னா தெரியும் எனக்கு? ரெண்டு நிமிஷம் மூச்சுப் புடிக்கறதுக்குத்தான் உங்க நைனா பொண்ணு குடுத்தாரு."

அவர் அழவில்லை. பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார். கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதனுடைய வேலையைப் பிடுங்குவதற்கு ஒரு யந்திரத்தைச் செய்து, அதைத் தூக்கிவரவும் அவரையே ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா?

பாவா அக்கா இருந்த பக்கம் பார்த்து, "அவ காலைலேர்ந்து பச்சத்தண்ணிகூட குடிக்கல இல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். யந்திரத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

பொட்டு வைத்தவன் நான் என்பதை மட்டும் பேராசிரியரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தேங்கா உடைச்சவன் நான்தானேய்யா, யாரைத் திட்டறது?" என்றார். முகப்பில் வேற்றுப் பொருள் படிந்திருந்ததால் சோதனை தடைப்பட்டது என்று அறிக்கையில் எழுதினார். குங்குமம் என்ற சொல் அதில் வரவில்லை.

கிணறு ஊறித் தண்ணீர் பழையபடி ஏற மூன்று நாள் ஆயிற்று. மறுபடி இறக்கும்போது பாவாவே முன்னால் வந்தார். சோப்புப் போட்டு அந்தக் கறுப்பு வட்டத்தைக் கழுவினார். பிறகு யாரும் எதிர்பாராமல் அதன்மேல் எச்சிலைத் துப்பி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தார். அக்கா முகத்தைச் சுளித்தாள். "முகமூடிக் கண்ணாடிய இப்டித்தான் தொடைப்போம். காத்து ஒட்டாது" என்றார். அவரே அதைத் தண்ணீரில் வைத்து, லேசாகத் தட்டிக்கொடுத்து விட்டார்.

சுரைக்காய் தூணைச் சுற்றியது. மேலேயிருந்து பார்த்தால் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு வெளுத்த நிழல் நிதானமாக வட்டம் போடுவது தெரிந்தது. சுவரை நெருங்கும், தயங்கும், திரும்பிவிடும். பன்னிரண்டாவது நிமிஷம் முடியும் முன்னே தண்ணீரை விலக்கிக்கொண்டு மேலே வந்தது. பேராசிரியர் கைதட்டினார். அக்கா யந்திரத்தைப் பார்க்கவே இல்லை, பாவாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்துப் படங்களைக் கழுவி எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு படத்தில் விரலை வைத்து, "இங்க வெல்டிங் உட்டிருக்குது, ஊசி முனையளவு" என்றார். நான் வைத்த வெல்டுதான். மறுநாள் போய்ப் பீப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

"இனிமே இதான் போவப்போவுதா?"

"ஆமா பாவா. இனிமே ஆளே எறங்க வேணாம்."

"நெஜமா?"

"சத்தியமா."

எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்ன சத்தியம். அவர் அன்றைக்கே வேலையை விடுவதாகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, என்னிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னார். அக்கா அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள். திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் பாவா ஒரு மோட்டார் ரிப்பேர்க் கடை போட்டார். வலது காது கடைசிவரைக்கும் அவருக்கு நன்றாகவே கேட்டது.

சுரைக்காய் கடலுக்குப் போகவே இல்லை. ஒரு வருஷத்துக்குள் திட்டத்தை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வந்தது. பேராசிரியர் வேறு ஊருக்குப் போனார். பேட்டரியைக் கழற்றிவிட்டு அதைக் கிடங்கில் வைத்துப் பூட்டினேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருமுறை ஆராய்ச்சிக்கூடத்து வேலையாகப் பம்பாய் போயிருந்தபோது, மனசு கேட்காமல் பாவா வேலை பார்த்த கம்பெனியின் படகுத்துறைக்குப் போய் விசாரித்தேன். அவர் இடத்துக்கு ஒரே வாரத்தில் ஆள் போட்டுவிட்டார்களாம். அந்த ஆளே அங்கே இருந்தான். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரன், என் வயதுதான் இருக்கும். தமிழ்க்குரல் கேட்டதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம், கையை விடவே இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டே தூரத்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி உரக்கப் பேசினான். நான் கேட்ட ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்க வைத்தான்.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாவா கேட்டார்.

"பம்பாய் போயிருந்தியாமே. எங்க மேடை பக்கம் இன்னா சேதி? என் எடத்துல யாரு எறங்கறா?"

அக்கா கரண்டியோடு நின்றாள்.

"யாரும் எறங்கல பாவா. மெஷினுதான்."

"அது போதும்" என்றார். "நான் உட்டதுல இன்னொருத்தன் காது போவலன்னா அது போதும்." இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

பாவாவிடம் சொன்ன பொய்க்காக நான் வருத்தப்படவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தக் கடற்கரைக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசினான். ஒரு டாக்டரிடம் போய்க் காதைக் காட்டப்பா என்று நான் அவனிடம் சொல்லவில்லை.